குவாட் 33, எஃப்எம்3: பழைய ப்ரீஆம்ப்பையும் ட்யூனரையும் அளந்து பார்ப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் செட்டைப் பற்றிய பக்கம் இது?

இங்கிலாந்தின் ஹண்டிங்டன் ஊரில் பீட்டர் வாக்கரின் அக்கூஸ்டிகல் மேனுஃபேக்சரிங் கம்பெனி 1967-ல் வெளியிட்ட குவாட் 33 ஸ்டீரியோ ப்ரீஆம்ப்ளிஃபயர் (ஒலி மூலத்தைத் தேர்ந்து, வால்யூமும் டோனும் சரிசெய்து பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் செட்), அதற்கு ஜோடியாகப் பின்னால் வந்த, எஃப்எம் வானொலியைப் பிடிக்கும் எஃப்எம்3 ட்யூனர் ஆகிய இரண்டையும் பற்றியது. இரண்டும் டிரான்சிஸ்டர் செட்டுகள், 1982 வரை உற்பத்தியில் இருந்தன. வழக்கமாக இவற்றோடு, ஸ்பீக்கரை ஓட்டும் 303 பவர் ஆம்ப் சேரும். 2024-ல் அதே 33, 303 பெயர்களில் வந்த புதிய செட்டுகள் வேறு சர்க்யூட். அவற்றுக்கு இங்குள்ள பழுதுக் குறிப்புகள் பொருந்தா. அளக்கும் முறையோ அந்தக் காலத்து எந்த ப்ரீஆம்ப்புக்கும் ட்யூனருக்கும் பொருந்தும். வால்வு செட்டுக்கு எங்கே மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

காதுக்கு நன்றாகத்தானே இருக்கிறது, அளக்க வேண்டுமா?

வேண்டும். முக்கியமாக, கண்டன்சர் மாற்றப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒரு அளவு, மாற்றிய பின் அதே நிலையில் ஒரு அளவு. முதல் அளவு இல்லையென்றால் வேலை செட்டைச் சரிசெய்ததா, கெடுத்ததா என்று சொல்ல வழியே இல்லை. ஐம்பது வருடச் செட்டில் இரண்டு சேனலும் ஒரே சீராக மூப்படைவதில்லை. இடது பக்கம் 40 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கியிருந்தாலும் பாட்டு கேட்கும்போது “கொஞ்சம் மெலிசாக இருக்கிறது” என்றுதான் தோன்றும். வரைபடத்தில் அதே குறை முகத்தில் அறையும்.

என்னென்ன கருவி வேண்டும்?

24 பிட் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, கம்ப்யூட்டரில் ஆர்ஈடபிள்யூ போன்ற இலவச மென்பொருள், ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர், ஷீல்டு வயர், டின் (DIN) பிளக்கிலிருந்து ஆர்சிஏவுக்கு மாறும் கேபிள். ஆஸிலாஸ்கோப் இருந்தால் பாதி நேரம் மிச்சம். ரெசிஸ்டர்கள் 47 ஓம், 1 கிலோ ஓம், 1.1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், எல்லாம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையில். ட்யூனரை முறையாக அளக்க எஃப்எம் ஸ்டீரியோ சிக்னல் ஜெனரேட்டர் தேவை. அதைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த செட். நேராகக் கரண்டில் செருகலாமா?

கூடாது. முதலில் பின்புறத்தில் வோல்டேஜ் எதில் வைக்கப்பட்டிருக்கிறது, ஃபியூஸ் சரியான அளவுதானா என்று பாருங்கள். பிறகு 25 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்துச் சீரிஸ் லேம்ப் வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தாலோ மிக மங்கலாக எரிந்தாலோ நல்லது. முழு வெளிச்சமாக நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே நிறுத்துங்கள். டிரான்ஸ்ஃபார்மரைக் கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம், கை வைக்க முடியாத சூடு பழுது. தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த 117 வோல்ட் செட் என்றால் இன்னொரு கவனம். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கட்டிய டிரான்ஸ்ஃபார்மரை அதே வோல்டேஜில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இரும்புக்குள் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும். சூடு ஏறும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அந்த உறுமல் இசைத்தட்டுக்கான ஃபோனோ நிலைக்குள்ளும் புகும். ஸ்டெப்-டவுனில் 105 வோல்ட் பக்கமாக இறக்கி ஓட்டுவது நல்லது.

அளக்கும் முன் இன்டர்ஃபேஸை எப்படித் தயார் செய்வது?

அதன் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி, செட் எதுவும் இல்லாமல் ஒரு சுற்று அளந்து சேமியுங்கள். அதில் வரும் டிஸ்டார்ஷனும் (ஒலியின் உருக்குலைவு) இரைச்சலும் உங்கள் கருவியின் சொந்தக் குறை. 33-ன் டிஸ்டார்ஷன் 0.02 சதவீதம், அதாவது மைனஸ் 74 டெசிபல் பக்கம் இருக்க வேண்டியது. கருவியின் சொந்த டிஸ்டார்ஷன் 0.01 சதவீதமாக இருந்தால் நீங்கள் அளப்பதில் ஒரு பங்கு கருவியுடையதே. 0.003-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

அடுத்தது அளவுகோல். 400 ஹெர்ட்ஸ் டோனை வெளியே விட்டு மல்டிமீட்டரால் வோல்டேஜை அளந்து, அந்த எண்ணை மென்பொருளில் பதியுங்கள். ஏன் 400? சாதாரண மல்டிமீட்டர்கள் பல 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகக் காட்டும், 400-ல் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜர் வழியாக எர்த் லூப் (எர்த் இரண்டு வழியில் இணைந்து உண்டாகும் வளையம்) உருவாகி, இல்லாத ஹம்மை (கரண்டின் உறுமலை) இருப்பதாகக் காட்டும்.

33-ஐ எந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும்?

ரேடியோ இன்புட்டில் 100 மில்லிவோல்ட் கொடுத்து, அவுட்புட் 0.5 வோல்ட் வரும் வரை வால்யூமைத் திருப்புங்கள். 303 பவர் ஆம்ப் முழு 45 வாட் தர எதிர்பார்க்கும் அளவு இந்த 0.5 வோல்ட். ‘கேன்சல்’ பொத்தானை அழுத்தி வையுங்கள். டோன் கண்ட்ரோல்களும் ஃபில்டரும் அப்போதுதான் வழியிலிருந்து விலகும். பலர் டோன் குமிழ்களை நடுக்கோட்டில் வைத்துவிட்டு அளக்கிறார்கள். பழைய பாட்களின் (குமிழுக்குப் பின்னாலுள்ள மாறும் ரெசிஸ்டர்களின்) மின் நடுவும் குமிழில் கீறிய கோடும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படி எடுத்த வரைபடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு டெசிபல் மேடு தெரிந்தால் அது பழுதல்ல, குமிழின் கோடு.

இந்த நிலையில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (அலைவரிசையைத் தொடர்ச்சியாக ஏற்றி எடுக்கும் அளவு) எடுங்கள். பிறகு 100 ஹெர்ட்ஸ், 1 கிலோ, 10 கிலோவில் டிஸ்டார்ஷன். அதன் பின் இன்புட்டை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் மூடி இரைச்சல். ஒரு சேனலுக்கு மட்டும் சிக்னல் கொடுத்து மற்றதில் எவ்வளவு கசிகிறது என்றும் பாருங்கள். சும்மா இருக்கும் சேனலின் இன்புட்டைத் திறந்து விடாமல் அதையும் 1 கிலோ ஓமால் மூட வேண்டும்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இன்புட் அளவு, அவுட்புட் அளவு, சுமை எத்தனை ஓம், எந்த அலைவரிசை அகலம் என்ற நான்கையும் எழுதுங்கள். “ரேடியோ இன், 100 மில்லிவோல்ட், அவுட் 0.5 வோல்ட், சுமை 20 கிலோ ஓம், 20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், கேன்சல் ஆன்” என்று ஒரு வரி போதும். இந்த வரி இல்லாத “டிஸ்டார்ஷன் 0.02” என்பதை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது.

வால்வு ப்ரீஆம்ப்பில் பேஸ் விழுந்துவிட்டதாக வரைபடம் காட்டுகிறது. பழுதா?

முதலில் சுமையைப் பாருங்கள். வால்வு செட்டின் வெளியேற்றக் கண்டன்சர் 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ ஓம் சுமையில் அது 16 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கும். அதே கண்டன்சர் 10 கிலோ ஓம் இன்டர்ஃபேஸில் 159 ஹெர்ட்ஸிலேயே இறங்கிவிடும். செட்டில் குறை இல்லை, அளக்கும் கருவிதான் பேஸைத் தின்கிறது. வால்வு செட்டை 100 கிலோ ஓமுக்குக் குறையாத இன்புட் உள்ள கருவியால் அளக்க வேண்டும். இன்றைய டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்போடு அதைச் சேர்க்கும்போதும் இதே கணக்குதான்.

ஃபோனோ இன்புட்டின் ரியா வளைவைச் சரிபார்ப்பது எப்படி?

இசைத்தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுவார்கள். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்க வேண்டும். 3180, 318, 75 மைக்ரோசெகண்ட் என்ற மூன்று நேர மாறிலிகள் அந்த வளைவை வரையறுக்கின்றன.

ஊசியைத் தாங்கி இசைத்தட்டைப் படிக்கும் காட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். இன்டர்ஃபேஸ் தருவதோ ஒரு வோல்ட். எனவே 10 கிலோ ஓமைத் தொடராகவும் 47 ஓமை எர்த்துக்குமாக வைத்துப் பிரியுங்கள். 1 வோல்ட் கொடுத்தால் 4.7 மில்லிவோல்ட் கிடைக்கும். இந்த இரண்டு ரெசிஸ்டரையும் பிளக்கின் உள்ளேயே சால்டர் செய்துவிட்டால் நீள வயரில் ஹம் ஏறாது.

ஸ்வீப் எடுத்துக் கீழுள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸைப் பூஜ்யமாக வைத்தால்:

20 ஹெர்ட்ஸ்: +19.3 டெசிபல்
50 ஹெர்ட்ஸ்: +16.9
100 ஹெர்ட்ஸ்: +13.1
200 ஹெர்ட்ஸ்: +8.2
500 ஹெர்ட்ஸ்: +2.6
2 கிலோஹெர்ட்ஸ்: –2.6
5 கிலோஹெர்ட்ஸ்: –8.2
10 கிலோஹெர்ட்ஸ்: –13.7
20 கிலோஹெர்ட்ஸ்: –19.6

அறுபதுகளின் செட்டுக்கு 1 டெசிபல் இப்படி அப்படி இருந்தால் குறை சொல்ல வேண்டாம். பார்க்க வேண்டியது இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம். 0.5 டெசிபலைத் தாண்டினால் ஏதோ ஒரு உதிரி நழுவியிருக்கிறது. தாழ்ந்த பக்கம் மட்டும் ஒரு சேனல் இறங்கினால் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 10 கிலோ ஓமுக்குள் பாயும்போது 1.6 ஹெர்ட்ஸ் வரை விடும். அதுவே காய்ந்து 0.5 மைக்ரோஃபாரடாகச் சுருங்கினால் 32 ஹெர்ட்ஸில் வெட்டும்.

ஸ்வீப்பில் வராத ஒரு குறையும் உண்டு. 47 ஓம் மூலத்திலிருந்து அளக்கிறீர்கள். நிஜக் காட்ரிட்ஜோ அரை ஹென்றி அளவுக்குச் சுருள் உள்ளது. இரண்டு டிரான்சிஸ்டர் மட்டுமே கொண்ட அந்தக் காலத்து ஃபோனோ நிலைகளில் உயர் அலைவரிசையில் இன்புட் இம்பீடன்ஸ் மாறும். சுருளோடு சேரும்போது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வளைவு சாயலாம். காட்ரிட்ஜையே தொடராக வைத்து இன்னொரு ஸ்வீப் எடுத்தால் அது தெரிந்துவிடும். சிக்னலை மிகக் குறைவாக வையுங்கள், ஊசியைத் தட்டில் வைக்காதீர்கள்.

டிஸ்க் கார்டைத் திருப்பிச் செருகலாம் என்கிறார்களே?

ஆம். 33-ல் டிஸ்க் இன்புட்டுக்கான சிறு அட்டையைப் பின்புறத்திலிருந்து உருவி, வேறு பக்கம் திருப்பிச் செருகினால் சென்சிட்டிவிட்டியும் காட்ரிட்ஜ் வகையும் மாறும். அட்டையின் ஓரத்திலுள்ள எழுத்தைப் பார்க்காமல் “ஃபோனோ கெட்டுவிட்டது” என்று முடிவு கட்ட வேண்டாம். யாரோ செராமிக் காட்ரிட்ஜுக்குத் திருப்பி வைத்த செட்டில் காந்தக் காட்ரிட்ஜ் மாட்டினால் வளைவு முற்றிலும் தப்பாக வரும்.

அட்டையை உருவியதும் அதன் விரல்களை வெளிச்சத்தில் பாருங்கள். சாக்கெட்டின் ஸ்பிரிங் உரசிய இடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு கோடு இருக்கும், மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். அந்தக் கோட்டிலும் கறுப்பு ஏறியிருந்தால் ஒரு சேனல் விட்டு விட்டு வரும், தட்டினால் திரும்பும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். ரப்பரும் வேண்டாம், அதன் தூள் சாக்கெட்டுக்குள் தங்கும். துடைத்த பின் நாலைந்து முறை செருகி உருவினால் சாக்கெட் பக்கமும் சுத்தமாகும்.

ஹம் கேட்கிறது. எங்கிருந்து வருகிறது என்று அளவிலிருந்து சொல்ல முடியுமா?

முடியும். அளப்பதற்கான கூலி முழுவதும் இங்கேதான் கிடைக்கிறது. ஸ்பெக்ட்ரத்தில் எந்தக் கம்பம் உயரம் என்று பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் உயர்ந்து, 200, 300 அதன் பின்னால் வரிசை கட்டினால் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்திருக்கிறது, அல்லது எர்த் வயர் தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மட்டும் தனியாக உயர்ந்து நின்றால் காந்தப்புலம் அல்லது எர்த் லூப். ப்ரீஆம்ப்பைப் பவர் ஆம்ப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். கம்பம் குறைந்தால் காந்தப்புலம்தான், உதிரி எதையும் மாற்ற வேண்டாம்.

ஆஸிலாஸ்கோப்பிலும் வித்தியாசம் தெரியும். கண்டன்சர் காய்ந்த சப்ளையில் 100 ஹெர்ட்ஸ் ரம்பப் பல்லாக வரும்: ஒரு பக்கம் செங்குத்தான ஏற்றம், மறுபக்கம் நீளமான சரிவு. காந்தப்புலத்தில் வருவது பெரும்பாலும் வழுவழுப்பான 50 ஹெர்ட்ஸ் அலை.

ஏ-வெயிட்டிங் (காதின் உணர்வுக்கு ஏற்ப எடை போடும் வடிப்பு) போட்டு அளக்கலாமா?

இரண்டையும் எழுதுங்கள். ஏ-வெயிட்டிங் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபலும் 100 ஹெர்ட்ஸை 19 டெசிபலும் அமுக்கிவிடும். விற்பவர் காட்டும் எண் ஏ-வெயிட்டிங் மட்டும் என்றால் ஹம் முழுவதும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம்.

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. ஸ்ப்ரே அடித்தும் போகவில்லை.

குமிழுக்கு டிசி வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வைத்து, வால்யூம் பாட்-இன் நடுக்காலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கவும். பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் காட்டினால் அதற்கு முந்தைய கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. அதை மாற்றும் வரை எத்தனை ஸ்ப்ரே அடித்தாலும் கரகரப்பு திரும்ப வரும். டிசி இல்லையென்றால் மட்டும் பாட்களுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை அளவாக அடித்து முப்பது முறை முழுச் சுற்று திருப்புங்கள்.

பிறகு குமிழை மைனஸ் 20, 40, 60 டெசிபல் நிலைகளில் வைத்து இரண்டு சேனலுக்கும் வித்தியாசம் எழுதுங்கள். மைனஸ் 40-ல் 2 டெசிபலுக்குள் இருந்தால் பழைய கார்பன் பாட்-க்கு அது நல்ல மதிப்பெண். இரவில் மெதுவாகக் கேட்கும்போது பாட்டு ஒரு பக்கம் சாய்கிறது என்றால் மைனஸ் 60-ல் விடை கிடைக்கும்.

சிடி பிளேயர், டிஏசி இணைத்தால் வால்யூமைத் தொட்டதுமே அலறுகிறது.

சிடி பிளேயரின் முழு அளவு 2 வோல்ட். ரேடியோ இன்புட் எதிர்பார்ப்பது 100 மில்லிவோல்ட். வித்தியாசம் 26 டெசிபல். கேபிளில் ஒவ்வொரு சேனலுக்கும் 10 கிலோ ஓம் தொடராகவும், 33-ன் பக்கம் எர்த்துக்கு 1.1 கிலோ ஓமும் வைத்தால் 20 டெசிபல் குறையும். குமிழ் நடு நிலைக்கு வரும், மேலே சொன்ன சேனல் சாய்வும் தணியும். சில ரூபாய்ச் செலவில் 33-க்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுவே என்பது எங்கள் கருத்து.

ட்யூனர் சென்சிட்டிவிட்டி (எவ்வளவு பலவீனமான சிக்னலைப் பிடிக்கும் என்பது) ஒரு புத்தகத்தில் மைக்ரோவோல்ட், இன்னொன்றில் டிபிஎஃப். எப்படி ஒப்பிடுவது?

டிபிஎஃப் என்பது ஒரு ஃபெம்டோவாட்டைப் பூஜ்யமாக வைத்த பவர் அளவு. பூஜ்ய டிபிஎஃப் என்பது 300 ஓம் ஆன்டெனாவில் 0.55 மைக்ரோவோல்ட், 75 ஓமில் 0.27. அதனால் 300 ஓமில் 2 மைக்ரோவோல்ட் என்பதும் 75 ஓமில் 1 மைக்ரோவோல்ட் என்பதும் ஒன்றே: 11.2 டிபிஎஃப். 75 ஓம் எண்ணைப் பார்த்து “இரண்டு மடங்கு நல்ல ட்யூனர்” என்று நினைப்பவர்கள் உண்டு. சில ஜெனரேட்டர்கள் சுமை சேர்க்காத வோல்டேஜைக் காட்டும், அதிலும் இரண்டு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

அடுத்த குழப்பம் வரையறை. அமெரிக்க ஐஎச்எஃப் முறையில் இரைச்சலும் டிஸ்டார்ஷனும் சேர்ந்து சிக்னலுக்கு 30 டெசிபல் கீழே போகும் இடம்தான் சென்சிட்டிவிட்டி. ஜெர்மானிய டின் முறையில் 40 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் (ஒலி, ஸ்டேஷனின் அலைவரிசையை நகர்த்தும் தூரம்) மோனோவுக்கு 26 டெசிபல், ஸ்டீரியோவுக்கு 46 டெசிபல். முழு டீவியேஷனோ 75 கிலோஹெர்ட்ஸ். அந்த வித்தியாசம் மட்டுமே 5.5 டெசிபல். முறை தெரியாமல் இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

உண்மையில் 30 டெசிபல் இரைச்சலோடு யாரும் பாட்டு கேட்பதில்லை. 50 டெசிபல் அமைதி கிடைக்கும் சிக்னல் அளவே வீட்டுக்குப் பயன்படும் எண். ஸ்டீரியோவில் அதை எட்ட மோனோவைவிட ஏறத்தாழ 20 டெசிபல் அதிக சிக்னல் வேண்டும்.

எஃப்எம் ஜெனரேட்டர் கிடைக்கவில்லை. கார் ட்ரான்ஸ்மிட்டர் போதுமா?

எல்லாவற்றுக்கும் போதாது. ட்யூனர் பட்டறைகளில் பயன்பட்ட சவுண்ட் டெக்னாலஜி 1000ஏ போன்ற ஜெனரேட்டர்களின் சொந்த டிஸ்டார்ஷன் ட்யூனரைவிட மிகக் குறைவு. மலிவான ட்ரான்ஸ்மிட்டரில் ட்யூனரைவிட ட்ரான்ஸ்மிட்டர்தான் அழுக்கு. அதை வைத்து இரைச்சலையோ டிஸ்டார்ஷனையோ அளந்தால் நீங்கள் அளப்பது ட்ரான்ஸ்மிட்டரை. சேனல் சமநிலை, ஒரு பக்கம் ஹம் வருகிறதா, உயர் ஒலி எவ்வளவு இறங்குகிறது, இவற்றைப் பார்க்க அது உதவும். காற்றில் விடாமல் கேபிள் வழியாக, அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் கூட்டு) வைத்து நேரே ஆன்டெனா சாக்கெட்டுக்குக் கொடுங்கள். அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். அதோடு அறையின் எதிரொலிப்பு அளவையும் கெடுக்கும்.

நல்ல ஜெனரேட்டர் இருக்கிறது. வரிசை என்ன?

அரை மணி நேரம் ட்யூனரைச் சூடாக விடுங்கள். காலியான ஒரு இடத்தில் 65 டிபிஎஃப், அதாவது 75 ஓமில் சுமார் 490 மைக்ரோவோல்ட், மோனோ, 1 கிலோஹெர்ட்ஸ், 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன். எஃப்எம்3-ல் மீட்டர் கிடையாது. டயலில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு. இடது பக்கம் நகர்ந்தால் ஒன்று பிரகாசமாகும், வலது பக்கம் நகர்ந்தால் மற்றது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும் இடமே ஸ்டேஷனின் நடு. மிக நல்ல யோசனை, கண் அந்த வித்தியாசத்தை நுட்பமாகப் பிடிக்கும்.

இப்போது டிஸ்டார்ஷனைப் பார்த்துக்கொண்டே குமிழை மயிரிழை நகர்த்துங்கள். டிஸ்டார்ஷன் மிகக் குறையும் இடமும் விளக்குகள் சமமாகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் விலகியிருந்தால் டிடெக்டர் காயில் நழுவியிருக்கிறது, அல்லது ஒரு பல்பு மங்கிவிட்டது. முதலில் இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். காயிலைத் தொடுவது கடைசி.

பிறகு ஸ்டீரியோ. ஜெனரேட்டரில் இடது மட்டும், பைலட் (ஸ்டீரியோ என்று ட்யூனருக்கு அறிவிக்கும் 19 கிலோஹெர்ட்ஸ் சிக்னல்) 9 சதவீதம். வலதில் கசிவதை அளந்தால் செப்பரேஷன். 1 கிலோஹெர்ட்ஸில் 30 டெசிபலுக்கு மேல் இருந்தால் அந்தக் காலத்துக்கு நல்லது. 10 கிலோஹெர்ட்ஸில் குறைவது இயல்பு. பிறகு சிக்னலைப் பத்துப் பத்து டெசிபலாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மாடுலேஷனை நிறுத்தி இரைச்சலை எழுதினால் மோனோ, ஸ்டீரியோ இரண்டுக்கும் அமைதி வளைவு கிடைக்கும். ட்யூனரைப் பற்றி ஒரே ஒரு படம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரியோவில் மட்டும் டிஸ்டார்ஷன் பல மடங்கு காட்டுகிறது. டிகோடர் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டும் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையும் அவுட்புட்டில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அளக்கும் அகலம் 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் கருவி அதையும் டிஸ்டார்ஷன் என்றே கூட்டும். பைலட் மிச்சம் மைனஸ் 50 டெசிபல் என்றால் அது மட்டுமே 0.3 சதவீதம். மென்பொருளில் மேல் எல்லையை 15 கிலோஹெர்ட்ஸில் வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் உயர்வாக இருந்தால் ஐஎஃப் (ட்யூனரின் 10.7 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை) காயில்களின் அலைன்மென்ட்டைச் சந்தேகிக்கலாம்.

அமெரிக்க ட்யூனரில் நம் ஊர் ஸ்டேஷன்கள் மந்தமாக ஒலிக்கின்றன.

டீஎம்ஃபசிஸ், அதாவது ஒலிபரப்பில் கூட்டிய உயர் ஒலியை ட்யூனர் திரும்பக் குறைப்பதில் உள்ள வித்தியாசம். அமெரிக்காவில் 75 மைக்ரோசெகண்ட், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. 75-க்குக் கட்டிய ட்யூனரில் 50-ஐக் கேட்டால் 5 கிலோஹெர்ட்ஸில் 2.8 டெசிபலும் 10 கிலோஹெர்ட்ஸில் 3.3 டெசிபலும் குறையும். டீஎம்ஃபசிஸ் கண்டன்சரை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் சரியாகும். 0.015 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 0.01. இரண்டு சேனலுக்கும் 2 சதவீதத்துக்குள் பொருந்திய ஜோடியைப் போடுங்கள்.

ஜப்பான் உள்நாட்டுச் செட்டில் நிலைமை வேறு. அந்தக் காலத்தில் அங்கே பேண்டு 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், மின்சாரம் 100 வோல்ட். 90-க்கு மேலுள்ள ஸ்டேஷன் எதுவும் வராது. வாங்கும் முன் டயலைப் படம் கேளுங்கள்.

சென்னையில் ஒரு ஸ்டேஷன் மேல் இன்னொன்று குழம்பி வருகிறது. செலக்டிவிட்டி (பக்கத்து ஸ்டேஷனை ஒதுக்கும் திறன்) குறைவா?

பெரும்பாலும் இல்லை. இங்கே ஸ்டேஷன்கள் 92.7, 93.5, 94.3 என்று 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. பழைய ட்யூனருக்கே அது தாராளம். சிக்கல் சிக்னலின் பலத்தில். முன்நிலை திணறினால் இரண்டு ஸ்டேஷன்கள் கலந்து மூன்றாவதை உருவாக்கும். 93.5-ஐ இரட்டித்து 92.7-ஐக் கழியுங்கள்: 94.3. சம இடைவெளி என்பதால் கலப்பு நேராக இன்னொரு ஸ்டேஷனின் தலையில் விழுகிறது.

ஆன்டெனா வயரில் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் வையுங்கள். 75 ஓம் கேபிளுக்கு 110 ஓம் தொடராக, அதன் இரு முனையிலிருந்தும் எர்த்துக்கு 150 ஓம் ஒவ்வொன்று. சிக்னல் 10 டெசிபல் குறையும்போது இந்தக் கலப்பு 30 டெசிபல் குறையும். குழப்பம் சட்டென்று தெளிந்தால் காரணம் அதுதான்.

ட்யூனர் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஆஸிலேட்டர் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ வையுங்கள். பெரும்பாலான ட்யூனர்களில் லோக்கல் ஆஸிலேட்டர் டயலைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே ஓடும். டயல் 93-ல் இருந்தால் சின்ன ரேடியோவை 103.7-ல் வையுங்கள். அந்த இடத்தில் இஸ்ஸென்ற இரைச்சல் அடங்கி அமைதியானால், டயலை நகர்த்தும்போது அந்த அமைதியும் நகர்ந்தால், ஆஸிலேட்டர் உயிரோடு இருக்கிறது. பழுது அதற்குப் பின்னால். டயல் எண் சரியா என்பதையும் இதே வழியில் பார்க்கலாம். சென்னையில் அகில இந்திய வானொலியின் 101.4 கைக்கெட்டிய அளவுகோல்.

ஐஎஃப் காயில்களை நாமே திருப்பலாமா?

ஜெனரேட்டர் இல்லாமல் வேண்டவே வேண்டாம். காதால் திருப்பினால் ஒரு ஸ்டேஷன் நன்றாகும், டிஸ்டார்ஷனும் செப்பரேஷனும் போய்விடும். திரும்பி வர வழி தெரியாது. கருவி இருப்பவர்கள் பிளாஸ்டிக் திருப்பியை மட்டும் பயன்படுத்துங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் அளவையும் மாற்றும், ஃபெரைட் கோரையும் உடைக்கும். திருப்பும் முன் கோரின் நிலையை மார்க்கரால் குறியுங்கள். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு வேறு பழுதைத் தேடுங்கள். தானாக நழுவும் காயில் அவ்வளவு தூரம் போகாது.

எல்லா எலக்ட்ரோலிடிக் கண்டன்சரையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

பவர் சப்ளையில் உள்ளவற்றை மாற்றலாம், வயதே போதுமான காரணம். சிக்னல் வழியில் உள்ளவற்றை ஒரு சேனல் மட்டும் முதலில் மாற்றி, மாற்றாத சேனலோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். அளவு ஒன்றாக வந்தால் பழையவை இன்னும் நன்றாக இருக்கின்றன. மாறி வந்தால் எவ்வளவு என்று உங்கள் கையில் எண் இருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அடுத்த வோல்டேஜ், 105 டிகிரி வகை போதும். ப்ளஸ் மைனஸ் திசையைப் பழையதைக் கழற்றும் முன் படம் எடுத்து வையுங்கள். போர்டில் அச்சிட்ட குறியை மட்டும் நம்பினால், முன்பு யாராவது பழுது பார்த்த செட்டில் ஏமாறலாம்.